சாயக்கூடாத காமன்

1

இந்தக் கதை நெஞ்செரிச்சலில் பிறந்தது. என்னுடைய நெஞ்சல்ல, பழனியாண்டி அண்ணனுடையது. ஹட்டனில் வெளிவரும் ஆண்டு மலர் ஒன்றுக்கு ‘மலையகத்தின் வலி’ என்ற பொருளில் கதை கேட்டிருந்தார்கள். இரத்தம் உறிஞ்சும் அட்டை, குளிர், ஒழுகும் லயத்து வீடு, மழையில் நனையும் ஒரு தாய் எல்லாம் என் கைவசம் தயாராக இருந்தன. முதல் வரிகூட எழுதிவிட்டேன்:

பனி மூடிய மலைகளின் மடியில், கண்ணீரே தேநீராக

(இதற்கு மேல் போக எனக்கே கூச்சமாக இருந்தது. வெட்டாமல் விட்டிருக்கிறேன். மலர்க்குழுவுக்குப் பிடிக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: ‘பழனியாண்டிக்கு வயது அறுபத்திரண்டு. எலும்பு தேய்ந்தவர்.’ உண்மைதான். ஆனால் கிளினிக் அட்டையை வாசிப்பதுபோல் இருக்கிறது.

மூன்றாவது: ‘சிவன் எரித்தும் காமன் விழவில்லை.’

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம். ஆனால் காமன் யார் என்று சொல்லாமல் நகர முடியாது.

2

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கக் காமன் போவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். காமன் எரிந்து விழுவான், ரதி அவன்மேல் விழுந்து அழுவாள். மூன்றாம் நாள் அவனை எழுப்புவார்கள். கதை அவ்வளவுதான், ஆனால் விடிய விடிய ஆடுவார்கள்.

அங்கே இருபது வருடங்களுக்கு மேல் பழனியாண்டி அண்ணன்தான் காமன். மீசைக்கு மை அடித்து, முகத்துக்கு அரிதாரம் பூசினால் தூரத்திலிருந்து மன்மதன். கிட்ட வந்தால் மன்மதனின் பெரியப்பா.

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்ற மாதங்களில் அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. மாசியில் மட்டும் தோட்டமே லயத்து வாசலுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும். அந்த வெற்றிலைக்காகத்தான் மனிதர் மற்ற பதினொரு மாதங்களையும் ஓட்டுகிறார்.

போன வருடம் ஆட்டத்தின் நடுவே அவருக்கு மூச்சு வாங்கியது. கூத்துக் கமிட்டி மரியாதையாகத்தான் சொன்னது: “அண்ணே, வாற வருஷமும் ஒடம்பு ஒத்துக்கலன்னா காமன கிஷாந்துக்குக் குடுத்துருவோம். நீங்க தப்பா எடுக்கக்கூடாது.”

கிஷாந்த் த்ரீவீலர் ஓட்டுகிறவன். கூத்தில் ரதி. நாலு வருடமாகச் சேலை கட்டிக்கொண்டு புருஷனின் பதவிக்குக் காத்திருக்கிறான்.

3

இனி எலும்பு.

மூச்சிழுப்புக்காக அண்ணன் பல வருடம் விழுங்கிய மாத்திரை எலும்பை அரித்துவிட்டது. ஒருநாள் கோதுமை மா மூட்டையைத் தூக்கியபோது முதுகில் ஏதோ நொறுங்கியது. படம் பிடித்துப் பார்த்த டொக்டர், எலும்புக்கு வாரத்துக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். கமிட்டிக்கு அண்ணன் சொன்னது ‘சும்மா சுளுக்கு’.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், சுடச்சுடத் தேத்தண்ணியோடு மாத்திரையை விழுங்குவார். ஊருக்கே லீவுநாள்தானே என்று மறுபடி போர்வைக்குள் போய்விடுவார். தேயிலைத் தோட்டத்தில் குளிர்காலையில் வேறு எதனோடு விழுங்குவது?

மூன்றாவது வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாரடைப்பு என்று லயமே கூடிவிட்டது. அந்த நிலையிலும் கிஷாந்தின் த்ரீவீலரில் ஏற மறுத்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறொன்று வரும்வரை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

இருதயத்தில் குறை ஒன்றும் இல்லை. மாத்திரை தொண்டைக்குழாயைப் புண்ணாக்கியிருந்தது. நர்ஸ் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: வெறுவயிறு. பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர், தேத்தண்ணி இல்லை. பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாயக்கூடாது, குனியக்கூடாது.

“சிவன் வருஷத்துக்கு ஒருக்காத்தான் எரிச்சாரு. இது வாராவாரம் எரிக்குது” என்றார் என்னிடம்.

அண்ணனின் மனைவி அம்மாக்கண்ணு நர்ஸின் சொல்லைச் சட்டமாக்கினார். காரமான கொச்சிக்காய்ச் சம்பல் வீட்டை விட்டுப் போனது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வந்தது. அண்ணன் இரவில் மேலே படுத்து, விடியும்போது கால்மாட்டில் கிடப்பார்.

“நான் மனுசனோட குடும்பம் நடத்துறேனா, சறுக்கு மரத்தோடயான்னு தெரியல” என்பார் அம்மாக்கண்ணு. ஆனால் ஞாயிறு விடிந்தால் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்பார். ஃபோனில் அரை மணிக்கு அலாரம் வைப்பார். அது அடிக்கும்வரை அண்ணன் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடக் காத்திருப்பவர்போல் விறைத்து நிற்க வேண்டும். எரிச்சல் போய்விட்டது. அம்மாக்கண்ணுவுக்குச் சாமிமேல் இருந்த நம்பிக்கையில் பாதி அந்த அலாரத்துக்கு இடம் மாறியது.

(இந்த வருடம் காமன் எரிவது ஞாயிறு விடியலில் வந்தது. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. பஞ்சாங்கம் செய்தது.)

4

அடுத்து வருகிற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பெயர் பாலச்சந்திரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருடக் கூத்துக்குப் பிரதம விருந்தினர். கூத்தை நிறுத்தி அவரைப் பேச வைத்தார்கள். ‘அழிந்துவரும் இக்கலையை’ என்று தொடங்கினார். திடலில் நிற்க இடமில்லாமல் பிள்ளைகள் மரத்தில் ஏறியிருந்தார்கள்.

இவரை இப்படியே விட்டால் கேலிச்சித்திரம் ஆகிவிடுவார், ஏதாவது நல்ல குணம் கொடுக்க வேண்டும் என்று யோசித்தேன். ‘ஆனால் அவர் உள்ளம் குழந்தை உள்ளம், பூக்களைக் கண்டால்’

வேண்டாம். மனிதர் தானாகவே ஏதாவது செய்கிறாரா பார்ப்போம்.

5

பேச்சு நீண்டது. எரியும் நேரம் தாண்டி, மலைக்குப் பின்னால் வெளுக்கத் தொடங்கியது. திரைச்சேலைக்குப் பின்னால், கிரீடமும் கரும்பு வில்லுமாக அண்ணன் நின்றார். அம்மாக்கண்ணு போத்தல் தண்ணீரோடு வந்துவிட்டார்.

“ஏங்க, நேரமாச்சு. போட்டுக்கங்க.”

“எரிஞ்சு முடிச்சிட்டு வந்து போடுறேன் புள்ள.”

“அதுக்குள்ள ஆளுக்கு ஆளு தேத்தண்ணி குடுப்பாங்க, நீங்களும் குடிச்சிப்புட்டு வந்து நிப்பீங்க. இப்பவே முழுங்குங்க.”

அண்ணன் மேடைப்பக்கம் காதைக் கொடுத்தார். பாலச்சந்திரன் அப்போதுதான் “இறுதியாக” என்றார். இந்த மலைநாட்டில் பேச்சாளர் ‘இறுதியாக’ என்றால் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று பொருள். அண்ணன் கணக்குப் போட்டு நம்பி விழுங்கினார்.

அம்மாக்கண்ணு அலாரம் வைத்தார். மைக் செத்தது.

சனம் சந்தோஷத்தில் கைதட்டியது. அதை முடிவுரைக்கான கைதட்டல் என்று நினைத்துப் பாலச்சந்திரனும் கும்பிட்டு உட்கார்ந்தார். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கியது. சிவன் வேடத்தில் செல்லசாமி வந்தார். காமன் அம்பு விட்டான், நெற்றிக்கண் திறந்தது, வெடி வெடித்தது, புகை மூடியது. புகை விலகியபோது காமன் நின்றுகொண்டிருந்தான்.

தப்பு நின்றது. முன்வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“கீழ விழுங்கண்ணே” என்றார் சிவன், உதடு அசையாமல்.

“முடியாதுடா.”

“எரிச்சிட்டேன்ல?”

“நீ எரிச்சது பரவால்ல. விழுந்தா உள்ள எரியும்.”

அழத் தயாராக இருந்த ரதி, புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். கிஷாந்தின் கண்ணில் அடுத்த வருட வெற்றிலை தெரிந்தது. கமிட்டிக்காரர்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். விழுந்தால் மறுபடி புண், சோறு இறங்காத ஒரு வாரம். உண்மையைச் சொன்னால் வேடம் போய்விடும். அண்ணன் வில்லை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். எழுத்தாளனைப் பார்த்து என்ன பிரயோசனம்?

அம்மாக்கண்ணு என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பாலச்சந்திரனிடம் போனார்.

“ஐயா, இன்னும் அரை மணி நேரம் பேசுங்கய்யா.”

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

“என்னையோ கேக்கிறியள்?”

“ஒங்களத்தான்யா. நல்லா இழுத்துப் பேசுங்க.”

வாழ்நாளில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. முகம் ஒரு கணம் சின்னப் பையனுடையதுபோல் ஆனது. (குழந்தை உள்ளம் என்று நான் எழுதப் பார்த்தது இதைத்தானோ என்னவோ.) எழுந்தார். மைக் இல்லாமலே தொண்டையைத் திறந்தார்.

“எரிந்தவன் ஏன் விழவில்லை? சிந்தித்தீர்களா? இதுதான் மலையகத்தின் முதுகெலும்பு! எரித்தாலும் வளையாத எலும்பு!”

வளையாத எலும்பு, சாய்ந்தால் நெஞ்சு எரியும் என்ற பயத்தில் அசையாமல் நின்றது. சனம் ஆரவாரித்தது. கமிட்டித் தலைவர், இது முன்பே பேசி வைத்த புதுமை என்பதுபோல் தலையாட்டினார்.

6

முடிவு ஒன்று: அலாரம் அடிக்கிறது, அண்ணன் அழகாக விழுகிறார், ரதி அழுகிறாள், கமிட்டி அடுத்த வருடத்துக்கும் அவரையே நிச்சயிக்கிறது. மலர்க்குழுவுக்கு இதில் வலி போதாது.

முடிவு இரண்டு: ‘அவர் நின்றபடியே, விடியும் சூரியனை நோக்கி’

மன்னிக்கவும்.

முடிவு மூன்று: கமிட்டி இந்தக் கதையை வாசித்து உண்மையைத் தெரிந்துகொள்கிறது. அண்ணன் பெயரை மாற்றித்தான் எழுதச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். கமிட்டி இலக்கியம் வாசிக்காது என்றும் நம்புகிறேன். கிஷாந்த் மட்டும் ஆட்களுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கண்டதையும் வாசிக்கிறவன்.

எனவே இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பாலச்சந்திரன் இப்போதுதான் மறுபடி “இறுதியாக” என்றிருக்கிறார். அம்மாக்கண்ணுவின் கையில் ஃபோன் இன்னும் அடிக்கவில்லை. இதை வாசிக்க உங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மிச்ச நேரம் உங்கள் பொறுப்பு. கிஷாந்திடம் எதுவும் சொல்லாதீர்கள். மலரை மூடியதும் மேசைமேல் படுக்கப் போட்டுவிடாதீர்கள். அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே மனிதர் மாத்திரை போட்டிருக்கிறார்.