கடைசி ஆள் போகும்வரை

விர்ர்ரென்று விசில் காதைக் கிழித்தது.

"பெரியவரே! ஏய், பெரியவரே! கயிற்றைத் தாண்டாதீங்க!"

மைதானத்துக் காவலாளியின் குரல் அது. இரண்டாவது விசில் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே, யாரோ வாயைப் பொத்தினாற்போலப் பாதியில் அடங்கிப்போனது.

பெரிய டிரம்மை மார்பில் மாட்டிக்கொண்டு நின்ற டைமு திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. கடற்படைப் பயிற்சி முகாமில் நுழைந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட பாடம்: பேண்டில் நிற்கும்போது உன் கழுத்து உன்னுடையதில்லை, பேண்டு மாஸ்டருடையது.

டம். ஒரு மூச்சு இடைவெளி. டம்.

வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு தொகுதி பயிற்சி முடித்து வெளியேறும். அணிவகுப்பு முடிந்ததும் யாரும் தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவிட முடியாது. சொந்தத்தில் ஒருவர் வந்து தோளைத் தொட்டு, "நீ போகலாம்" என்று சொல்லும்வரை கல்தூணாக நிற்க வேண்டும். அம்மா தொடலாம், அண்ணன் தொடலாம், கட்டிக்கொள்ளப் போகிறவன்கூடத் தொடலாம். தொட நாதியில்லாதவர்களைக் கொடி பிடிப்பவள் போய்த் தொடுவாள். கடைசி ஆள் தொடப்படும்வரை பெரிய டிரம் நிற்கக் கூடாது. அது முகாமின் பழைய வழக்கம். யார் செத்தாலும் பிழைத்தாலும் அந்த ஒற்றை அடி விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

டம்.

அவளுடைய வலது தோளில் ஒரு கை விழுந்தது.

டைமுவுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அடி மட்டும் பிசகவில்லை. வெளியேறுவது இன்னொரு தொகுதி. அவளுடைய தொகுதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அவளை எதற்கு யார் தொடுவது?

தேங்காய் எண்ணெயும் புதுச்சட்டைக் கஞ்சியும் கலந்த வாசனை வந்தது. யாரென்று மூக்கு சொல்லிவிட்டது.

"முடிஞ்சுது குட்டி" என்றார் அப்பா. "நீ போகலாம்."

'ஐயோ அப்பா, அடுத்த வாரம்ப்பா!' என்று தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணை எதிரேயிருந்த கொடிக்கம்பத்தில் ஆணியடித்தாள். டம். அப்பாவின் விரல் அவள் தோளில் அந்த அடியோடு சேர்ந்து ஒரு தட்டுத் தட்டியது. டம். மறுபடியும் ஒரு தட்டு. இப்படி ஏழெட்டு அடி. பிறகு கை எடுபட்டது. சரளைக் கல்லில் செருப்பு சரக் சரக்கென்று தாளத்தோடு நடந்து போனது. ஓர் இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அவள் திரும்புவாளா என்று பார்த்திருப்பார்.

அவள் திரும்பவில்லை.

*

அவளுக்கு 'டைமு' என்ற பெயர் வந்ததே அப்பாவால்தான். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். முப்பத்தோரு வருஷமாக ஒரு கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று குறிப்பதே பிழைப்பு. வண்டிகளுக்கு நடுவே சும்மா இருக்கும்போது பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கூண்டில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மா போய்ச் சேர்ந்தபிறகு அவளுக்கு டிப்போவும் வீடும் ஒன்றுதான்.

முகாமுக்கு வந்த இரண்டாம் நாள், தலைமுடியை ஒட்ட நறுக்கிவிட்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். "வாத்தியம் வாசிக்கத் தெரிஞ்சவங்க, பாடத் தெரிஞ்சவங்க, நடை சுத்தமா இருக்கிறவங்க ஒரு அடி முன்னால வாங்க" என்றார் பேண்டு மாஸ்டர். ஆள் குள்ளம். குரல் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. அரை மாத்திரை பிசகினாலும் அரை மணி திட்டுவார் என்பதால் 'அரை மாத்திரை' என்றே அவருக்குப் பெயர்.

"நீ என்ன வாசிப்பே?"

"எதுவும் தெரியாதுங்க ஐயா. தட்டுவேன்."

"எதை?"

"மேஜையை."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டித் தட்டச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் கேட்டார். முள்ளும் அவளும் ஒன்றாகவே போனார்கள். "யாரும்மா உங்கப்பா?" என்றார். டைம்கீப்பர் என்றாள். அவ்வளவுதான், பெரிய டிரம் அவள் மார்பில் ஏறியது.

பேண்டு, பாட்டுக் குழு, கொடி அணி, துப்பாக்கி சுழற்றும் அணி எல்லாம் சேர்ந்து அவர்கள் ஒரு தனிப் பிரிவு. நீச்சலும் தீயணைப்பும் முடிச்சுப் போடுவதும் மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு இவர்களுக்கும் உண்டு. அதற்கு மேல் தினமும் மூன்று மணி ஒத்திகை. ஆனாலும் மற்ற பிரிவுகள் இவர்களைக் 'கச்சேரி கோஷ்டி' என்றுதான் கிண்டல் செய்தன. "சண்டை வந்தா எதிரி கப்பல்ல ஏறிப் பாட்டுப் பாடுவீங்களாக்கும்!"

கிண்டலைத் தாங்கிவிடலாம். வெள்ளிக்கிழமையைத்தான் தாங்க முடியாது. அடுத்தவன் அம்மா அடுத்தவனைக் கட்டிக்கொண்டு அழுவதை வாராவாரம் மூன்றடி தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து வெள்ளிக்கிழமைகள் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும், 'என் தோளைத் தொட அப்பா வருவார்' என்று எண்ணித்தான் அடுத்த அடியை அடித்தாள்.

வந்தார். ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார்!

அன்று மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் அவள் மானம் கப்பலேறியது.

"என்னடி டைமு, உங்கப்பா அட்வான்ஸ் புக்கிங்கா?" என்றாள் கொடிக்கம்பம். ஆறடி உயரம், கொடி அணியின் முதல் ஆள், பக்கத்துக் கட்டில் தோழி.

"ஊர் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறிக்கிறவராம், வீட்டுல காலண்டர் இல்ல போல" என்றது இன்னொரு குரல்.

"சீட்டு இல்லாதவங்களைக் கயிறு தாண்ட விட மாட்டாங்களே, எப்படி வந்தாரு?"

"அதானே! அரை மாத்திரை கண்ணு அப்போ எங்க போச்சு? அவர் மட்டும் பார்த்திருந்தா உங்கப்பாவையும் சேர்த்து மைதானத்தைப் பத்து சுத்து ஓட விட்டிருப்பாரு!"

டைமுவும் சேர்ந்து சிரித்தாள். தட்டிலிருந்த சோறுதான் உள்ளே இறங்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து நிமிஷம் போன் உண்டு. முகாம் வராந்தாவில் நான்கு போன்கள், பின்னால் நாற்பது பேர்.

"அப்பா, என்னப்பா நீ! தேதியை நாலு தடவை எழுதினேன் இல்ல? பெரிய எழுத்துல எழுதினேன்!"

"வயசாச்சு இல்ல குட்டி. கணக்கு தப்பிடுச்சு."

"உனக்கா கணக்கு தப்பும்? ரெண்டு நிமிஷம் லேட்டா வந்த டிரைவரை வாசல்ல நிக்க வெச்சு மானத்தை வாங்குவியே! இங்க என் மானம் போச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும், விடு." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "நல்லா அடிச்சே. ஒரு அடிகூட முந்தல, பிந்தல. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"பேச்சை மாத்தாதே. நான் திரும்பிப் பார்க்கலன்னு கோபமா?"

"சேச்சே. நீ திரும்பியிருந்தாத்தான் கோபம் வந்திருக்கும்."

"சரி, வர்ற வெள்ளிக்கிழமை ஏழரைக்கெல்லாம் வந்துடு. இந்தத் தடவை சீட்டு அனுப்பியிருக்கேன். தப்பின, நான் உன்கூடப் பேசவே மாட்டேன், ஆமா!"

அந்தப் பக்கம் பேனா மேஜையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் நின்றவள் டைமுவின் முதுகைச் சுரண்டினாள். நிமிஷம் முடிந்துகொண்டிருந்தது.

"அப்பா? இருக்கியா?"

"இருக்கேன் குட்டி. வண்டி கிடைச்சா வந்துடறேன்."

"டிப்போல உட்கார்ந்துக்கிட்டு வண்டி கிடைச்சாவாம்! வெச்சுடறேன், இங்க அடிக்க வர்றாங்க." வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, கயிறு ஏறும் பயிற்சியில் பாதி உயரத்தில் இருந்தபோது அவளைக் கீழே கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் ஓர் அதிகாரி எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். முகாமில் பயிற்சிப் பெண்ணுக்கு எழுந்து நின்று நாற்காலி போடுகிறார்கள் என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். உட்காராமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

*

இரண்டு நாள் விடுப்பு. அதற்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் அடுத்த தொகுதியோடுதான் வெளியேற முடியும்.

வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து கட்டிலைத் தாண்டி நாலடி வைக்க மாட்டாள். டைமுவின் ஒட்ட நறுக்கிய தலையைத் தடவித் தடவி அழுதாள்.

"காலையில டீ கேட்டான்டி. போட்டு எடுத்துட்டுப் போடான்னு பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்லி அனுப்பினேன். டீ கூண்டுக்குப் போறதுக்குள்ள இவன் போயிட்டான். பேனாவைக்கூடக் கீழ வைக்கல."

"உடம்புக்கு ஏதாவது சொன்னாரா அத்தை?"

"அவனா? தலைவலின்னாக்கூட அடுத்த நாள் சொல்ற பய. ஞாயித்துக்கிழமை நீ போன்ல திட்டினேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

சிரித்தாராம்! கடைசியாகப் பேசியதே திட்டு. கடைசியாகத் தொட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காத கல். மகள் சபையில் வெட்கப்பட்டாள் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாரா? அலமாரியில் அந்தப் புதுச்சட்டை துவைத்து மடித்து வைத்திருந்தது. முகத்தைப் புதைத்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

"நான் திரும்பிப் போகல அத்தை."

"உதைப்பேன். வெள்ளிக்கிழமை அவ அங்க நின்னே ஆகணும்னு ஜெபம் மாதிரிச் சொல்லிக்கிட்டே கிடந்தான். கிளம்புடி."

கிளம்பினாள். டிப்போ வழியாகத்தான் பஸ் போனது. கூண்டுக்குள் வேறு யாரோ உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் மூன்று நிமிஷம் தாமதம். யாரும் திட்டவில்லை.

*

வெள்ளிக்கிழமை.

"உனக்குப் பதிலா வேற ஆள் அடிக்கட்டுமா?" என்று காலையில் பேண்டு மாஸ்டர் கேட்டார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"வேணாங்க ஐயா. நானே அடிக்கிறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார்.

கொடிகள் ஏறின. பாட்டுக் குழு பாடியது. துப்பாக்கிகள் சுழன்றன. டைமுவின் தொகுதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்து நின்றது. கயிறு திறந்தது. சொந்தங்கள் மடை திறந்தாற்போல ஓடிவந்தன.

டம்.

ஊதுகுழல்காரியை அவள் அம்மா தொட்டாள். டம். பாட்டுக்காரனை அவன் தம்பி தொட்டான், தொட்ட கையோடு தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். டம். ஆளில்லாத இரண்டு பேரைக் கொடிக்கம்பம் போய்த் தொட்டாள். டம்.

கூட்டம் கரைந்தது. சிரிப்பும் அழுகையும் கேமராவுமாக வாசலை நோக்கி நகர்ந்தது. மைதானம் காலியானது. மிச்சமிருந்தது ஒரே ஆள்.

கடைசி ஆள் போகும்வரை டிரம் நிற்கக் கூடாது. கடைசி ஆளே டிரம்காரியாக இருந்தால்?

டம். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். தோள் விண்ணென்று தெறித்தது. நிறுத்தினால் அப்பா வரமாட்டார் என்பது உறுதியாகிவிடும். அடித்துக்கொண்டிருக்கும்வரை, சரளைக் கல்லில் ஒரு செருப்புச் சத்தம் கேட்க வழியிருக்கிறது. டம். கண்ணீர் தாடைவரை ஓடி டிரம்மின் தோலில் சொட்டியது. துடைக்கக் கூடாது. கழுத்து அவளுடையதில்லை.

கொடிக்கம்பத்தால் பொறுக்க முடியவில்லை. கொடியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவளை நோக்கி நடந்தாள். கை நீட்டினாள்.

"நில்லு" என்றது பேண்டு மாஸ்டரின் குரல். "அவளைத் தொடாதே."

கொடிக்கம்பம் திகைத்து நின்றாள். இவ்வளவு கல்நெஞ்சா ஒரு மனுஷனுக்கு?

அவர் நடந்து வந்து டைமுவின் எதிரே நின்றார். தொப்பியைக் கழற்றினார். மேலே எழுந்த அவளுடைய கையை மணிக்கட்டில் பிடித்து, குச்சியை மெல்ல வாங்கினார். மைதானத்தில் முதன்முறையாகச் சத்தம் ஓய்ந்தது.

"உன்னைத் தொட வேண்டியவரு போன வாரமே தொட்டுட்டாரும்மா; அவரு தேதி தப்பி வரல, 'டாக்டர் அடுத்த வெள்ளிக்கு உறுதி சொல்லலைங்க, அவகிட்டச் சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, இன்னிக்கே தொட்டுட்டுப் போயிடறேன்'னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கேட்டுட்டுத்தான் கயிற்றைத் தாண்டினாரு."