டோப்பாவின் உள்பக்கம்

பேரணாம்பட்டுத் தோல் மண்டியில் ரகம் பிரிக்கும் கவுஸ் பாய் எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டார். அதனால்தான் நாடகத்தில் பெண் வேஷம் கட்டும் ஏகாம்பரம், டோப்பா வாங்க அவரைத் துணைக்குக் கூட்டிப் போனான்.

ஏகாம்பரம் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தான். கூந்தல் இடுப்பைத் தொட்டது.

"அசல் முடிங்க," என்றான் வியாபாரி.

"மேல்பக்கம் எவனுக்கு வேணும்? கழட்டுடா!"

பாய் அதை வாங்கிப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தார். வலைத்துணி கெட்டி. முடிச்செல்லாம் இறுக்கம். இழுத்தும் ஒரு முடிகூட வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் கடுகைவிடச் சின்னதாய் ஒரு வெள்ளைப் புள்ளி.

"டேய், இது வேருடா! கத்தரிச்ச முடிக்கு வேர் ஏது? அழுகின தோல்லதான் முடி இப்படி வேரோட கையில வரும்."

"சீப்புல உதிர்ந்ததா இருக்கும் பாய்," என்றான் ஏகாம்பரம்.

"உதிர்ந்த முடி அத்தனையும் ஒரே நீளமா இருக்குமா? இது ஒரே தலைடா. செத்த தலை!"

ஏகாம்பரம் இரண்டு கையாலும் தன் தலையைப் பரபரவென்று தேய்த்தான். வியாபாரிக்குக் கோபமே வரவில்லை, ஆச்சரியம்தான்.

"ஏழு தடவை சீயக்காய் போட்டு அலசினேனே பாய், நாத்தம்கூட இல்லியே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"