காலையில் மழை வராது

ஏழுமலை கங்காணி விமானத்தில் ஏறியதில்லை. ஏறிப் போனவர்களோடு அதிகம் பேசியதும் இல்லை. ஆனாலும் கனடாவிலிருந்து வரப்போகிற மாப்பிள்ளை எதில் ஏறி, எங்கே இறங்கி, எதில் மாற வேண்டும் என்று முடிவு செய்கிற பொறுப்பை யாரும் கேட்காமலே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

கட்டிக்கொள்ளப் போகிற அவர் மகள் விஜயகலாவிடம்கூட அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரவனெல்லப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் மழைதான் தொரைக்கும் மேலே ஒரு தொரை. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுக்கும், இடி இடிக்கும், கொட்டித் தீர்க்கும். அதற்குள் பாலை வெட்டி, வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் சிரட்டையில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணிதான் இருக்கும். பால்வெட்டுக் கங்காணியாக இதையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்தக் காரியமானாலும் பகலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு ஏழுமலை வந்திருந்தார். விஜயகலா பிறந்ததே பகலுக்குப் பிறகு, ஒரு பின்னேரம், அடைமழையில். அதற்காக மனைவி ஜெயம்மாவை அவர் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் றக்வானைத் தோட்டத்துப் பையன், தூரத்துச் சொந்தம். டொரொண்டோவில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. போன வருஷம் நிச்சயம் பண்ணிவிட்டுப் போனவன், கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கு இரண்டு வார லீவில் வருகிறான். அதை விட்டால் மார்கழி, கல்யாணம் கிடையாது. மார்கழி முடிவதற்குள் லீவும் முடிந்துவிடும். அடுத்த லீவு அடுத்த வருஷம்.

இன்னொரு வருஷம் என்றால் என்னவென்று விஜயகலாவுக்கு நன்றாகத் தெரியும். கரவனெல்ல பஜாரில் பளீல் நானாவின் கொமினிகேஷன் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, டெலிபோனில்தான் இந்த ஒரு வருஷமும் அவள் காதலித்தாள். வெளியே வரிசையில் நிற்கிற சனம் கண்ணாடி வழியாக அவள் வாயசைவையே பார்த்துக்கொண்டு நிற்கும். "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதற்கே வெட்கமாக இருக்கும். அதற்கு மேல் எதைக் கேட்பது?

அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் ஏழுமலையும் ஜெயம்மாவும் விஜயகலாவும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கனடா தூரம் என்பதால் ஏழுமலை கத்தித்தான் பேசினார்.

"மாப்பிள்ளை! எப்படி வர்றீங்க?"

ஸ்பீக்கரில் கிருஷ்ணராஜின் குரல் பணிவாக வந்தது. "ரெண்டு வழி இருக்கு மாமா. இங்க ராத்திரி ஏறினா, காலையில லண்டன். அங்கயே மாறி நேரா கொழும்பு. இல்லாட்டி இங்க காலையில ஏறினா, லண்டனுக்கு ராத்திரிதான் வரும். அப்புறம் டுபாய், அங்க மாறி கொழும்பு. டிக்கட் போடுற பொண்ணு என்ன சொல்லுதுன்னா, குளிர் காலத்துல..."

"பொண்ணு கெடக்குது, விடுங்க. லண்டன்ல காலையில மாறுறதுதான் சரி."

"இல்ல மாமா, அங்க காலையில வந்து..."

"காலையில மழை வராது மாப்பிள்ளை! எறங்கினோமா, ஏறினோமான்னு இருக்கணும். ராத்திரி லண்டன்ல எறங்கினா, பின்னேரம் புடிச்ச மழை விட்டிருக்குமோ என்னமோ, யாரு கண்டா?"

பெட்டிக்கு வெளியே நின்ற பளீல் நானா கதவைக் கொஞ்சம் திறந்து தலையை நீட்டினார். "கங்காணி, டுபாய் வழியா வரச் சொல்லுங்க. நான் எட்டு வருஷம் அங்க இருந்தவன். மழை பெஞ்சா, அதைப் பாக்கிறதுக்கே ஆக்கள் வாகனம் எடுத்துக்கொண்டு போவாங்க."

"நானா, நீங்க பில்லைப் பாருங்க. நாங்க மாப்பிள்ளையைப் பாத்துக்கிறோம்."

"ராகு காலத்துல மட்டும் ஏற வேணாம் தம்பி," என்று ஜெயம்மா தன் பங்குக்குச் சொன்னாள். எந்த ஊர் ராகு காலம் என்று கிருஷ்ணராஜ் கேட்டான். ஜெயம்மா அதை யோசித்திருக்கவில்லை. யோசித்து முடிப்பதற்குள் லைன் வெட்டுப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை விஜயகலா தனியாகப் போய்ப் பேசினாள்.

"டிக்கட் எடுத்திட்டீங்களா?"

"எடுத்திட்டேன் கலா. காலையில லண்டன்."

"அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சே, அது என்ன?"

கிருஷ்ணராஜ் கொஞ்சம் தயங்கினான். "இந்தக் காலத்துல லண்டன்ல காலையிலதான் மூடுபனி எறங்குமாம். பகலுக்குப் பிறகு கொஞ்சம் விலகுமாம். அதனால காலையில மாற வேணாம், மாறினாலும் நடுவுல நெறைய நேரம் விட்டு எடுங்கன்னு சொல்லிச்சு."

"அதை ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"மாமா முதல் முதலா ஒண்ணு சொல்றாரு. அதையே தட்டினா என்ன நெனைப்பாரு?"

"முதல் முதலா? மீசையை எடுக்கச் சொன்னாரு, எடுத்தீங்க. போட்டோவுல பாத்திட்டு வைக்கச் சொன்னாரு, திரும்பவும் வச்சீங்க. நாளைக்குப் பாதி மீசை போதும்னு சொன்னா?"

"அப்படிச் சொல்ல மாட்டாரு," என்றான் அவன். குரலில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

விஜயகலாவுக்குக் கோபம் வந்தது. "ஏங்க, நீங்க கட்டிக்கப்போறது என்னையா, எங்கப்பாவையா?" என்று வெளியே கேட்கிற சத்தத்தில் கேட்டுவிட்டாள். வரிசையில் நின்ற ஒரு சிங்களத்து அம்மா, தமிழ் தெரிந்தவள் போல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. வாசலில் பந்தல், பந்தலுக்குள் நலங்கு. சொந்தக்காரப் பெண்களெல்லாம் விஜயகலாவைப் பலகையில் உட்கார வைத்து முகம், கை, காலெல்லாம் மஞ்சளை அப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது பளீல் நானா த்ரீவீலில் வந்து குதித்தார்.

"கங்காணி! மாப்பிள்ளை லண்டன்ல நிக்கிறார். ஒரே மூடுபனியாம். கொழும்பு ப்ளேன் இன்றைக்கு இல்லையாம். திருப்பி எடுக்கிறாராம், ஓடி வாங்க!"

ஏழுமலைக்கு முதலில் அது விளங்கவே இல்லை. "காலையிலயா?" என்று கேட்டார்.

"காலையிலதான்."

"காலையில எப்படி மூடும்?" அவருக்குக் கவலையை விட மனத்தாங்கல்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒழுங்காக நடந்துகொண்ட காலை நேரம், லண்டனுக்குப் போனதும் இப்படி மாறிவிட்டதே!

விஜயகலா பலகையிலிருந்து எழுந்தாள்.

"அடியே, நலங்கு வச்ச பொண்ணு வாசல் தாண்டக் கூடாதுடி!" என்று ஜெயம்மா அலறினாள்.

"மாப்பிள்ளை வராட்டி இந்த மஞ்சளை வச்சு என்னம்மா பண்றது, கறியா வைக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே அவள் த்ரீவீலில் ஏறினாள். கண் பட்டுவிடக் கூடாதென்று ஜெயம்மாவும் குடையோடு ஏறிக்கொண்டாள். த்ரீவீலுக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்ததில் பாதி வழி வரைக்கும் கம்பி ஏழுமலையின் காதைக் குத்திக்கொண்டே வந்தது.

கடையில் வழக்கமான வரிசை. மஞ்சள் முகத்தோடு ஒரு கல்யாணப் பெண் வந்து இறங்கியதும் எல்லாரும் தானாகவே விலகி வழி விட்டார்கள். அன்றைக்குச் சிரித்த அதே சிங்களத்து அம்மாவும் நின்றாள். "அனே, மனாலயா கோ?" என்று சிங்களத்தில், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டாள். "லண்டன்," என்றாள் விஜயகலா. அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. ஏழுமலை பாய்ந்து எடுத்தார். பளீல் நானா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"மாமா, மன்னிச்சிருங்க," என்றான் கிருஷ்ணராஜ். தப்பு செய்தவன் அவன் இல்லை. ஆனாலும் அவன்தான் மன்னிப்புக் கேட்டான். "ஓடுபாதையே தெரியலையாம். ஒண்ணும் எழும்பல."

"மூடுபனின்னா மெதுவா ஓட்டலாமே மாப்பிள்ளை? கித்துல்கல ரோட்டுல பஸ்ஸெல்லாம் லைட்டைப் போட்டு, ஹோர்ன் அடிச்சுக்கிட்டு வரலியா?"

"ப்ளேன்ல ஹோர்ன் இல்ல மாமா."

"இல்லையா?" ஏழுமலை திகைத்துப் போனார். ஹோர்ன் இல்லாத வாகனத்தில் ஒருவனை ஏற்றிவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மாமா, கவுண்டர்ல ரெண்டு வழி சொல்றாங்க. நாளைக்குக் காலையில நேரா கொழும்பு ப்ளேன். அது எழும்பினா முகூர்த்தத்துக்கு நாலஞ்சு மணி நேரம் முந்தி வந்திரலாம். இல்லாட்டி இன்னைக்கே பின்னேரம் டுபாய்க்கு ஒண்ணு. அங்க நெறைய நேரம் குந்திக்கிட்டு இருந்து, பிறகு கொழும்பு. எதைன்னு இப்பவே சொல்லணும். பின்னால பெரிய வரிசை நிக்குது. நீங்க சொல்லுங்க மாமா."

ஏழுமலை தொண்டையைச் செருமினார். விஜயகலா அவர் பக்கத்தில் நெருங்கி நின்றாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கு மட்டுமா தெரியும்? கடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"பின்னேரம் வேணாம் மாப்பிள்ளை. ஒரு நாள் மூடினது மறுநாளும் மூடுமா? நாளைக்குக் காலையில..."

"அப்பா, குடுங்க."

"பேசிக்கிட்டு இருக்கேன்ல?"

"குடுங்கன்னு சொல்றேன்ல!"

தோட்டத்தில் முப்பது பால்வெட்டுக்காரர்களை ஒரே சத்தத்தில் அடக்குகிற ஏழுமலை, மஞ்சள் கையொன்று ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு போவதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கலா பேசுறேன். அங்க இப்ப எப்படி இருக்கு? ஜன்னல்ல பாத்துச் சொல்லுங்க."

"இப்பதான் கொஞ்சம் வெளுக்குது. தூரத்துல ஒரு ப்ளேனோட வால் தெரியுது."

"காலையில?"

"காலையில என் கையே எனக்குத் தெரியல."

"டுபாய்ல காத்திருக்கிற நேரம் நெறையன்னீங்களே, முதல் ப்ளேன் கொஞ்சம் பிந்தினாலும் அடுத்ததைப் புடிச்சிரலாமா?"

"புடிக்கலாம்."

"அப்ப பின்னேர ப்ளேன்ல ஏறுங்க."

அந்தப் பக்கம் அவன் மெதுவாக, "மாமா என்ன சொல்றாரு?" என்று கேட்டான்.

விஜயகலா கண்ணை மூடிக்கொண்டாள். "ஏங்க, நல்லாக் கேட்டுக்குங்க. இந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு வருஷம் என்னால நிக்க முடியாது. ஊரே பாக்க உங்ககிட்ட சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. எனக்கு உங்களை எதிர்ல உக்கார வச்சுச் சோறு போடணும். அப்பா என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நான் சொல்றேன், ஏறுங்க."

ஜெயம்மாவின் குடை மெல்ல ஆடியது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குடைக்குள் பார்த்தால்தான் தெரியும்.

"ஏறுறேன் கலா," என்றான் கிருஷ்ணராஜ். தொடர்ந்து, கவுண்டரில் யாரிடமோ, அவள் இதுவரை கேட்டிராத உறுதியான குரலில் இங்கிலீசில் பேசுவது கேட்டது. டுபாய் என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. அது போதும் அவளுக்கு.

மறுநாள் பகல் பக்கத்து வீட்டு டீவியில் சிங்களச் செய்தி போனது. லண்டனில் இரண்டாவது நாளாகக் காலையில் மூடுபனி, ஆயிரக்கணக்கானோர் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்குகிறார்கள். ஏழுமலை எழுந்து நின்று அந்தப் படத்தைப் பார்த்தார். "ரெண்டாவது நாளுமா?" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்ட வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வேன் திரும்பி வரும்போது நன்றாக இருட்டியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாதென்று கிருஷ்ணராஜை அடுத்த லயத்து வரிசையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிட்டு ஏழுமலை மட்டும் வந்தார். தெப்பலாக நனைந்திருந்தார். முகத்தில் பழைய களை முழுசாகத் திரும்பியிருந்தது.

"கட்டுநாயக்காவுல பின்னேரம் என்னா மழைங்கிறே! ப்ளேன் எறங்க முடியாம மேலயே சுத்திச் சுத்தி வந்துச்சாம். மாப்பிள்ளைக்கு வாந்தியே வந்திருச்சு. நான் என்ன சொன்னேன்? பின்னேரம் வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கப்பா," என்றாள் விஜயகலா. அந்த நிமிஷம் அவர் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை, தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம். கிருஷ்ணராஜுக்குத் தூக்கம் போதாமல் கண் சிவந்திருந்தது. மீசை ஒழுங்காக இருந்தது, இரண்டு பக்கமும். ஐயர் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மேளம் வேகம் பிடித்தது. கிருஷ்ணராஜ் தாலியைப் பிடித்தபடி, பழக்க தோஷத்தில், நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான்.

ஏழுமலை வேறு பக்கம் பார்த்தார். அப்படியும் அவன் கண்ணை எடுக்கவில்லை. "என்னைய ஏன் பாக்குறீங்க மாப்பிள்ளை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "அங்க கேளுங்க."

கிருஷ்ணராஜ் திரும்பினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு, நடுவில் கண்ணாடியும் இல்லாமல் கம்பியும் இல்லாமல், அவளை முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தான்.

"கட்டட்டுமா கலா?"

"சீக்கிரம்," என்றாள் விஜயகலா.