தலைக்கு மேல் இடம்

அந்த ஆள் என் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தபோதே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. காமிராப் பை, விளக்குக் கம்பிகள், பின்னாலேயே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளித் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு உதவியாள் என்று என் முன்னாள் கணவர் கூடத்தில் வந்து இறங்கிவிட்டார். முன்னாள் என்று நான்தான் சொல்கிறேன். கோர்ட்டு இன்னும் சொல்லவில்லை.

"பேசி வெச்ச வீட்டுக்காரங்க கடைசி நேரத்துல கைய விரிச்சுட்டாங்க. ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு சுவர். உன் வீடு போதும்," என்றார்.

"என் வீடு உங்களுக்குப் போதும்னு இப்பவாவது தெரிஞ்சுதே."

காதில் விழாதது போலக் கம்பிகளைப் பிரிக்க ஆரம்பித்தார். அது அவருக்குக் கைவந்த கலை.

வாரப் பத்திரிகையில் வருகிற படக்கதை எங்களுடையது. வரைந்த படம் இல்லை. நிஜ மனிதர்களை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, அதன் மேல் வசனம் எழுதி ஒட்டுவது. கதை, காமிரா, அதட்டல் எல்லாம் அவர். தாயில்லாப் பெண்ணைப் பாடாய்ப் படுத்துகிற சித்தி நான். அந்தப் பெண்ணாக வருகிறவள் எங்கள் மகள். கதை தொடங்கியபோது மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் முகங்களை மாற்றினால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அதனால் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்காத இரண்டு பேர் வாரத்துக்கு ஒருநாள் மூஞ்சிக்கு மூஞ்சி நிற்கிறோம்.

அடுத்த வாரம் நீதிபதியின் முன்னாலும் நிற்க வேண்டும். மகள் யாரோடு இருப்பது என்பதுதான் கேள்வி. இதுவரை என்னோடு இருக்கிறாள். அவருக்கு அது பொறுக்கவில்லை. எனக்குக் கோபம் அதிகம், பிள்ளையை அடிப்பேன் என்று அவருடைய வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோபம் அதிகம்தான், மறுக்கவில்லை. அவரோடு குடித்தனம் பண்ணினால் கல்லுக்கும் கோபம் வரும். மகளை வாயால் வறுத்தெடுத்திருக்கிறேன். கையால் ஒருநாளும் இல்லை.

தகட்டைப் பிடிக்கிற உதவியாளை எல்லோரும் தகட்டண்ணன் என்போம். முன்பெல்லாம் என்னை வாய் நிறைய அண்ணி என்பார். நாங்கள் பிரிந்ததிலிருந்து பாவம், என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "அண்... மேடம், கொஞ்சம் தண்ணி," என்றார். கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் குடித்தார்.

நான் பெட்டியைத் திறந்து சித்தியின் விக்கை எடுத்தேன். சுருட்டை முடி, மூக்கோரம் ஒட்டுகிற மரு, கறுப்பு உதட்டுச் சாயம் இவையெல்லாம் சேர்ந்தால்தான் சித்தி. அவை இல்லாமல் கடைத்தெருவில் நடந்தால் ஒரு ஈ காக்கைக்கும் என்னைத் தெரியாது.

"விக் வேண்டாம், மருவும் வேண்டாம். இன்னிக்கு சித்தி வீட்டுல தனியா இருக்கா. இந்த நைட்டியே நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பாத்திரம் கழுவி முன்பக்கம் முழுக்க நனைந்த மஞ்சள் நைட்டி அது. தலை வேறு கலைந்து கிடந்தது.

"இத்தனை வருஷம் இதே தலையோடதான் உங்களுக்குச் சமைச்சுப் போட்டேன். அப்ப ஒரு போட்டோ எடுக்கத் தோணலயே?"

"வாயக் குறை. வெளிச்சம் போயிடும்."

அந்த விக் தலையில் ஏறினால் அரிப்பு தாங்காது. வேண்டாம் என்றதும் விட்டது தொல்லை என்று சந்தோஷமாகப் பெட்டியை மூடினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காட்சி சின்னதுதான். பெண் கண்ணாடித் தம்ளரைப் போட்டு உடைத்துவிட்டாள். சித்தி அவள் கையைப் பிடித்து அடிக்க ஓங்குகிறாள். படக்கதையில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஓங்கிய கையோடு அப்படியே நிற்க வேண்டும். உள்ளங்கை காமிராவுக்குத் தெரியவேண்டும். வாய் திறந்திருக்க வேண்டும். என்ன பேசுகிறோம் என்பதைப் பற்றி எவருக்கும் கவலை இல்லை, வசனம் பிறகு எழுதுவதுதானே. அதனால் நான் மனதில் இருப்பதையெல்லாம் அந்த நேரத்தில் கொட்டிவிடுவேன். போன வாரம் 'உன்னை ஒழித்துக்கட்டுகிறேன் பார்' என்று அச்சான படத்தில் நான் உண்மையில் கேட்டது, பிள்ளையின் பல் டாக்டரிடம் ஏன் வரவில்லை என்று.

மகள் பள்ளி உடுப்போடு வந்து உடைந்த தம்ளருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் கையைப் பிடித்து ஓங்கினேன். "நல்ல நாள்ல வராத ஆளு, இன்னிக்கு மட்டும் வாசலைத் தேடி வந்திருக்காரு பாரு," என்று வாயைத் திறந்தேன்.

"கட்!" என்று கத்தினார். "லென்ஸப் பாக்கறா!"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லென்ஸைப் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். பார்த்தால் கதை செத்தது. சந்தைக் கூட்டத்தின் நடுவில் நிற்கவைத்தாலும் கண்ணை எங்கேயோ ஒரு புள்ளியில் வைத்துக்கொண்டு நடுங்குவாள் என் மகள். பெரிய நடிகைகளுக்குக்கூட அது வராது.

இரண்டாவது தடவை விழுந்த பல்லின் ஓட்டை தெரிய லென்ஸைப் பார்த்து இளித்தாள். மூன்றாவது தடவை நாக்கை நீட்டினாள்.

"உனக்கு நான் புதுசா சொல்லிக்குடுக்கணுமா?"

"கண்ணு தானா போகுதுப்பா."

"போகுதா? உங்கம்மா வளர்ப்பு. வேற எப்படி இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "வளர்ப்புன்னா என்னன்னு தெரிஞ்சவங்க பேசட்டும்," என்றேன். தகட்டண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி எடுத்தோம். மறுபடியும் கெடுத்தாள். ஓங்கிய கையைத் தூக்கித் தூக்கி என் தோள் விட்டுப்போயிற்று. அடுப்படியில் போட்டது போட்டபடி கிடந்தது. அவர் வேறு தூபம் போட்டுக்கொண்டே இருந்தார். "கை செத்துப்போய் நிக்குது. நிஜமா அடிக்கப் போற மாதிரி இரு. அவ மேல உனக்குக் கோபமே வரலயா? ஒரு பிள்ளைய அடக்கத் தெரியல, நீ எல்லாம் என்ன அம்மா?"

"ஏண்டி, விளையாடறியா? இன்னொரு தடவ பாத்தே, தொலைச்சுடுவேன்," என்று மகளிடம் சீறினேன். அது நடிப்பில்லை.

அவள் தலையை ஆட்டினாள். நின்றோம். நான் கையை ஓங்கினேன். அவள் மெல்லத் திரும்பி லென்ஸைப் பார்த்தாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவள் கையை அழுத்திப் பிடித்து இழுத்தேன். என் இன்னொரு கை தானாக எழுந்தது. காமிராவுக்காக ஓங்குகிற கை காதுக்குப் பக்கத்தில் அழகாக நிற்கும். இது அப்படி நிற்கவில்லை, முதுகுக்குப் பின்னால் வரை போயிற்று. இறங்கத்தான் போனது. அந்த நேரத்தில் காமிரா கிளிக்கென்றது.

"அப்படியே இரு!" என்றார்.

பழக்கம் பொல்லாதது. அந்தக் குரல் கேட்டதும் என் உடம்பு தானாக உறைந்துவிட்டது. கை மேலே, வாய் திறந்தபடி, கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினேன். முட்டி போட்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார்.

எப்போதும் அவர் அப்படி எடுப்பதில்லை. படக்கதையில் ஒவ்வொரு படத்திலும் தலைக்கு மேல் வெற்றிடம் விட வேண்டும். வசனம் எழுதிய வெள்ளை பலூன் அங்கேதான் உட்காரும். "தலைக்கு மேல இடம், தலைக்கு மேல இடம்," என்று புலம்பிக்கொண்டே பின்னால் பின்னால் போவார். ஒருமுறை சாக்கடையிலேயே காலை விட்டிருக்கிறார். இன்றைக்கு ஒரு எட்டுகூடப் பின்னால் போகவில்லை. அந்த நெருக்கத்தில் என் கையும் என் மகளின் முகமும் படம் முழுக்க நிரம்பியிருக்கும். அதில் ஒரு 'ஐயோ' எழுதக்கூட இடம் இருக்காது.

என் வீடு. என் நைட்டி. என் சொந்தத் தலைமுடி. எல்லாம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இது பத்திரிகைக்கு எடுக்கிற படம் இல்லை, நீதிபதிக்கு எடுக்கிற படம்.

நான் கையை இறக்கவில்லை. லென்ஸை நேராகப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன்.

"லென்ஸப் பாக்காதே," என்றார் வழக்கம்போல.

"வசனத்த எங்க எழுதப் போறே?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த ஆளை நீ என்றது அதுதான் முதல் தடவை.

"அது... அப்பறமா வெட்டிச் சரி பண்ணிக்கலாம்."

"வெட்டினா இடம் குறையுமே தவிர கூடாது. நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்தே?" தகட்டண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் கையில் தகடு நடுங்கி, வெளிச்சம் கூரையெல்லாம் ஓடியது. "உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"வக்கீல் கேட்டாருன்னு அண்ணன் சொன்னாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அண்ணி," என்றார். அண்ணி என்று முழுசாக வந்தது.

என் முன்னாள் கணவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். வெட்கம் என்பது அவர் முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"சரி, தெரிஞ்சுபோச்சு. அதனால என்ன? கடைசியா ஓங்கினியே, அது நடிப்பா? சொல்லு. அடிக்கத்தானே போனே? அந்த ஒரு படம் போதும் எனக்கு."

அவர் சொன்னது பொய்யென்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். பொய் இல்லை. என் பிள்ளையை நானே என் கையால் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அந்தப் படத்தப் பாருங்கப்பா," என்றாள் மகள், கையைத் தடவிக்கொண்டே.

அவர் காமிராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். கலைந்த தலையோடு பேய் மாதிரி நான் இருந்தேன். என் விரல்கள் அவள் கையில் புதைந்திருந்தன. என் கை வானத்தில் இருந்தது. அதற்குக் கீழே என் மகள் இரண்டு கண்ணையும் மூக்கை நோக்கித் திருப்பி, நாக்கு முழுவதையும் வெளியே தொங்கவிட்டு, லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தால் எந்த நீதிபதிக்கும் சிரிப்புத்தான் வரும். அவளை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்தால், நான் சுவரை அடிக்கப் போகிற மாதிரி இருக்கும்.

"அம்மாவும் பொண்ணும் சேர்ந்து நாடகமாடறீங்களா?" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

"நாளைக்கு விக்கோட வரேன். வெளியில எங்கயாவது வெச்சு எடு. மூணு எட்டு பின்னால போய் எடு. இப்ப செருப்போட வந்த வழியே கிளம்பு," என்றேன்.

கம்பிகளை மடக்காமலே அள்ளிக்கொண்டு போனார். தகட்டண்ணன் உடைந்த தம்ளர்த் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் பின்னால் போனார்.

கதவைத் தாழ் போட்டுவிட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் கையில் என் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஈரத்துணியை வைத்தேன்.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"அப்பா பின்னால போகவே இல்லம்மா. தலைக்கு மேல இடமே விடல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"என்கிட்ட மெதுவா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கத்துவே. கத்தினா அதையும் எடுப்பாரு."

துணியைத் திருப்பிப் போட்டேன். கடைசித் தடவை என் கை எழுந்ததை அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பிடித்த பிடியிலேயே தெரிந்திருக்கும், இது நிஜமென்று. இருந்தும் அவள் கண் என் கைப்பக்கம் வரவே இல்லை.

"நான் அடிச்சிருந்தேன்னா?" என்று கேட்டேன்.

அவள் துணியை ஓரமாக நகர்த்தித் தன் கையைப் பார்த்தாள்.

"அடிச்சிருந்தாலும் லென்ஸத்தாம்மா பாத்திருப்பேன்," என்றாள்.