தட்டிவிட்டு ஓடும் நாள்

கதவு மூடிக்கொண்டபோது காலண்டருக்குச் சிரிப்புதான் வந்தது.

ஐஸ்கிரீம் கிடங்கில் எல்லோரும் அவளைக் காலண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அரசாங்கம் கொடுக்காத விசேஷ நாட்களை எல்லாம் தேடிப் பிடித்துக்கொண்டு வருவாள். ஜோடி சேராத காலுறை நாள். பின்பக்கமாக நடக்கும் நாள். மேனேஜரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் நாள். இணையத்தில் கிடைக்காத வாரத்தில் அவளே ஒன்றை உண்டாக்கிவிடுவாள். இன்றையது அப்படிச் சொந்தச் சரக்கு. கதவைத் தட்டிவிட்டு ஓடும் நாள். தட்டுகிறவர் ஓட வேண்டும்; ஏமாந்து திறக்கிறவர் தோற்றவர். காலையில் ஆளாளுக்கு ஏமாந்தார்கள். மதியத்துக்குள் உஷாராகி, யார் தட்டினாலும் எந்தக் கதவையும் யாரும் திறப்பதில்லை என்று ஆகிவிட்டது.

உறைகுளிர் அறைக்குள் பெட்டிகளைச் சரிபார்க்க அவளும் அவளுடைய ஓரகத்தியும் வந்திருந்தார்கள். மூத்தவள் இந்தக் கிடங்கின் பொறுப்பாளர். வீட்டில் மாமியாருக்கே பயப்படாதவள், இந்த விளையாட்டுகளைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உள்ளிருந்து கதவைத் திறக்கும் குமிழ் இரண்டு நாளுக்கு முன் கழன்று விழுந்திருந்தது. மெக்கானிக் வரும்வரை கதவுக்கடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். யாரோ வந்து கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஓடிய வேகத்தில் கால் பட்டுக் கட்டை எகிற, கதவு சாத்திக்கொண்டது.

“நல்லா இருக்கு உன் பண்டிகை” என்றாள் மூத்தவள். “தட்டு. திறக்கச் சொல்லு.”

பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி கையில் இருந்தது. காலண்டர் அதால் கதவைத் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். கை மரத்தது. உதறிக்கொண்டு மீண்டும் தட்டினாள்.

யாரும் வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்தினால் கேட்காது, சுவர் அவ்வளவு கனம், வெளியே மோட்டார் இரைச்சல் வேறு. செல்போன்களை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது கிடங்கின் சட்டம். வெளியே போய்ச் சேரக்கூடியது தட்டும் சத்தம் ஒன்றுதான். தட்டினால் திறக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்.

இன்று சனிக்கிழமை. வேலை முடிந்தால் வாட்ச்மேனைத் தவிர திங்கள்வரை ஆள் இருக்காது; அவரோ இன்றைக்கு யார் தட்டினாலும் திறக்கமாட்டார்.

மூன்று தடவை சீராகத் தட்டிப் பார்த்தாள். ஆபத்து என்று புரிந்துகொள்ள மாட்டார்களா?

வெளியிலிருந்து பதில் வந்தது. டக், டக், டக்.

“வந்துட்டாங்கக்கா” என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

இருவரும் கதவையே பார்த்தபடி நின்றார்கள். கதவு அசையவில்லை. அப்புறம் சத்தமும் இல்லை. தட்டியவர், விளையாட்டின் விதிப்படி, ஓடியிருந்தார்.

மூத்தவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் கைப்பையில், கைப்பை லாக்கரில். காலண்டர் தன் குளிர்கோட்டைக் கழற்றி அவள் கோட்டின் மேல் போர்த்தினாள். மூத்தவள் தள்ளிவிடப் பார்த்தாள். கைக்கு அந்தச் சக்தி இல்லை.

“திங்கக்கிழமை என்ன நாளு வச்சிருக்க?”

“கட்டிப்பிடிக்கிற நாள்க்கா.”

“கிட்ட வா. ரெண்டு நாள் முன்னாடியே கொண்டாடிடுவோம்.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து காலண்டர் அவள் தோளில் ஒரு தடவைகூடச் சாய்ந்ததில்லை. இப்போது சாய்ந்தபோது அந்த விசில் சத்தம் நேராகக் காதுக்குள் விழுந்தது. ஒவ்வொரு மூச்சும் முன்னதைவிடச் சின்னதாக இருந்தது.

விளக்கு அணைந்தது.

உள்ளே எரியும் விளக்குக்கு சுவிட்ச் வெளியில்தான். கடைசியாகப் போகிறவர் அணைத்துவிட்டுப் போவார்.

இருட்டில் காலண்டர் தடுமாறி எழுந்தாள். கொக்கியைத் தேடி எடுத்து வெறிபிடித்தவள்போல அடித்தாள். கை ஓய்ந்தது. நிறுத்தினாள். அந்த அமைதியில் அவள் மூளையில் ஏதோ சுருக்கென்றது. தட்டுவது, நிறுத்துவது; தட்டுவது, நிறுத்துவது. இவ்வளவு நேரமும் விளையாடுகிறவள்போலத்தான் தட்டியிருக்கிறாள்.

“அக்கா, ஓடுறவங்கதான் நிறுத்துவாங்க. நாம நிறுத்தக்கூடாது. என் கை விழுந்தா நீங்க வாங்கி அடிக்கணும். முடியுமா?”

விசில் சத்தம் மட்டும். பிறகு இருட்டில் ஒரு கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது.

அடித்தாள். வலது கை செத்ததும் இடது கை. இரும்பு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு தோலோடு பிரிந்தது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அடித்தாள். விரல்கள் கொக்கியை விட்டபோது மூத்தவள் வாங்கினாள். வலுவில்லாத அடி, ஆனால் விடாத அடி. திரும்ப இவள் வாங்கினாள். வெளியே யாராவது இருக்கிறார்களா, காலி வராந்தாவுக்குத்தான் தட்டுகிறோமா என்று நினைக்கும்போதெல்லாம் அடி தளர்ந்தது. நினைக்காமல் இருக்க இன்னும் ஓங்கி அடித்தாள்.

பிறகு அவளிடமிருந்து வாங்க மூத்தவள் கை வரவில்லை.

“அக்கா?”

விசில் சத்தமும் இல்லை.

காலண்டர் அழவில்லை, அழுதால் நின்றுபோகும். அடித்துக்கொண்டே இருந்தாள். கொக்கி திடீரென்று வெறும் காற்றில் பாய்ந்தது. எதிரே கதவு இல்லை. வெளிச்சம். பேக்கிங் பிரிவில் புதுமாப்பிள்ளை என்று கேலி செய்வார்களே, அந்தப் பையன், வீட்டுக்குக் கிளம்பிய கோலத்தில், தோளில் பையோடு நின்றான்.

“ஒளிஞ்சுக்கிட்டு விளையாடுறீங்கன்னு நெனச்சேன்க்கா. நான்கூடத் திருப்பித் தட்டினேன்.” அவன் பையைக் கீழே போட்டான். “கேட் வரைக்கும் போயிட்டேன். ஓடாம தட்டிக்கிட்டே இருக்காங்களேன்னுதான்...”

மூத்தவளைத் தூக்கிவந்து வெளியே கிடத்தினார்கள். மூச்சு இழையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் லாக்கரை உடைத்துக் கைப்பையை எடுத்துவந்தான். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்த காலண்டரின் விரல்கள் மடங்கவில்லை, அவன்தான் அழுத்தினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. வெகுநேரம் போனதுபோல இருந்த பிறகு அந்த விசில் திரும்ப வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. அவன் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

அப்போது வராந்தாவின் கோடியில், வாசல் கதவு வெளியிலிருந்து தட்டப்பட்டது. டக், டக், டக். தட்டியது வாட்ச்மேன் என்பது அவளுக்குத் தெரியும். நாள் முழுக்க அவர்தான் இதில் கில்லாடி. சேதி இன்னும் அவர் காதுக்குப் போகவில்லை.

தெரிந்தும் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் இடற இடறப் போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. தூரத்தில் செருப்புச் சத்தமும் சிரிப்பும் ஓடி மறைந்தன.

கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, அடுத்த கதவுக்குப் போனாள். பிறகு அதற்கடுத்ததுக்கு.