ஆள் நல்ல செவப்பு

“அம்மா வாக்குமூலத்தோட நகல் உங்க பையில இருக்கு. அதை எனக்குக் கொடுங்கோ, அத்திம்பேர்.”

ராஜத்தின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. அப்பா இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. காலையில்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “எது வேணா பேசு. அந்தக் கேஸ் காகிதத்தை மட்டும் மாப்பிள்ளைகிட்ட கேட்டுடாதே.” கேட்டுவிட்டேன். அதுவும் அவர் ரசத்துக்குச் சாதத்தைக் குழித்துக்கொண்டிருக்கும்போது.

“பி.ஏ. அம்மாளுக்குப் படிக்க வேற ஒண்ணும் கிடைக்கலையாக்கும்?” என்றார் அத்திம்பேர். என் அக்கா ராஜத்தின் கணவர். பெயர் நடராஜன், சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பவானிப்பூரிலிருந்து குழந்தைகளை விட்டுவிட்டு அக்காவோடு பாலிகஞ்சுக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருவார்.

“கிடைச்சது. கட்டாக்கில, எங்க பள்ளிக்கூடத்துல பேப்பர் படிச்சேன். அதனாலதான் லீவு போட்டு வந்திருக்கேன்.”

பேப்பரில் நாலே வரி. பாலிகஞ்ச் கோஷால் பாபு கொலையில் தோட்டக்காரன் தைதாரிக்கு அலிப்பூர் செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை. சிவப்புத் துணி அணிந்தவன் ஓடியதை ஒரு மதராசி சீமாட்டி கண்ணால் பார்த்திருக்கிறார். தண்டனையை ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும். விசாரணை இருபத்தோராம் தேதி. அதாவது இந்தப் புதன்கிழமை.

அந்த மதராசி சீமாட்டி என் அம்மா.

சித்திரை மாசம் ஒரு மத்தியானம் அம்மா மொட்டை மாடியில் வடாம் உலர்த்திக்கொண்டிருந்தாள். குளத்துக்கு அந்தப் பக்கம், கோஷால் பாபு பங்களாவின் பின்வாசல் வழியாக ஒருத்தன் ஓடினான். வெயில். கண் கூசும். பார்த்தது அவ்வளவுதான். உள்ளே கோஷால் பாபு வெட்டுப்பட்டுக் கிடந்தார். போலீஸ் வந்தது, தைதாரியைப் பிடித்தது. ஒரிசாக்காரன், தோட்ட வேலை செய்கிறவன். தோட்டக்காரன் தோட்டத்தில் இருந்தான் என்பதை மட்டும் வைத்து ஒருத்தனைத் தூக்கில் போட முடியாது. ஒரு ஜோடிக் கண் வேண்டியிருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

அம்மாவை நேரே கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தால் கூண்டில் நிற்கிறவனைப் பார்த்திருப்பாள். ஆனால் என் அப்பா மஹாதேவன், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஹெட் கிளார்க், மனு எழுதினார்: தன் சம்சாரம் பர்தா பெண்மணி, அன்னிய புருஷர் முன்னால் வர மாட்டாள். இங்கே பெரிய வீட்டு வங்காளிகள் அப்படித்தான் எழுதுகிறார்களாம். நாம் மட்டும் என்ன குறைச்சல்? அமாவாசைக்கு அமாவாசை ஆதி கங்கையில் நூறு பேர் நடுவில் முழுக்குப் போட்டு, ஈரப் புடவையோடு காளிகாட் கடைத்தெருவில் கத்திரிக்காய் பேரம் பேசுகிறவள் என் அம்மா. ஒரே நாளில் பர்தா ஆகிவிட்டாள். மாஜிஸ்டிரேட்டே வீட்டுக்கு வந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாஜிஸ்டிரேட்டும் வக்கீல்களும். நடுவில் ஒரு போர்வை. அலிப்பூரில் தமிழ் துபாஷி கிடையாது என்பதால் சத்தியம் செய்துகொண்டு மொழிபெயர்த்தவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

அன்றிலிருந்து அத்திம்பேருக்கு அது ஒரு பெருமை. வாக்குமூலத்தைத் தன் குண்டு குண்டு எழுத்தில் நகல் எடுத்துவைத்து, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுவார். இன்றைக்குச் சாயங்காலம் அப்பாவின் சிநேகிதர் ஸ்ரீனிவாசராகவன் மாமாவிடம் காட்டப் போகிறார். பை கூடத்து ஆணியில் தொங்கியது.

“கொடுத்துத் தொலையுங்களேன்” என்றாள் ராஜம். “இல்லேன்னா சாப்பிட விட மாட்டா.”

“எடுத்துக்கோ. என்ன பெரிய தேவ ரகசியம்! இங்கிலீஷ்ல தப்பு இருந்தா திருத்திக் குடு, டீச்சரம்மா.”

இங்கிலீஷில் தப்பு இல்லை. இரண்டாம் பக்கத்தில் இருந்தது நான் தேடினது.

கேள்வி: ஓடிய ஆள் எப்படி இருந்தான்?
பதில்: சிவப்பாக இருந்தான்.
கேள்வி: சிவப்பு உடை என்று சொல்கிறீர்களா?
பதில்: ஆம்.

முதல் பதிலை அவர் ‘ரெட்’ என்று போட்டிருந்தார். சாணை பிடித்த மாதிரி சுத்தமான எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை. தைதாரியை எனக்குத் தெரியும். போன பூஜை லீவில் எங்கள் வீட்டுக்கு நார்த்தங்காய் கொண்டுவந்து கொடுத்தான். அட்டக்கரி நிறம். இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு.

“அம்மா” என்று கூப்பிட்டேன். மாப்பிள்ளை சாப்பிடும்போது அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். பதினாறு வருஷமாக அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினதில்லை. “இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு” என்று ராஜத்திடம்தான் சொல்வாள். “அம்மா, அன்னிக்கு ஓடினவன் எப்படி இருந்தான்?”

“எத்தனை தரம்டி சொல்றது? செவப்புத் துண்டு கட்டிண்டிருந்தான்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

“கேட்டாச்சா?” என்றார் அத்திம்பேர். மோர் வந்துவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. “உங்கம்மா வாயாலயே கேட்டாச்சா? இன்னும் கட்டாக்கிலேர்ந்து வேற யாரையாவது கூட்டிண்டு வரணுமா?”

நான் என் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவந்தேன். கொலை நடந்த மறுநாள் அம்மா எனக்குக் கட்டாக்குக்கு எழுதினது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். புள்ளி வைக்க மாட்டாள், அவ்வளவுதான். மேலே தமிழ்க் கணக்கில் ‘சாதாரண வருஷம் சித்திரை’ என்று போட்டிருந்தது. நின்றபடியே படித்தேன்.

“‘...நேத்து மத்தியானம் ஒரே பயம். நம்ம ஆத்துக்குப் பின்னாடி கோஷால் பாபுவை வெட்டிட்டா. ஓடினவனை நான் மாடிலேர்ந்து பார்த்தேன். முகம் தெரியலை. ஆள் நல்ல செவப்பு. நம்ம நடராஜன் மாப்பிள்ளை மாதிரி. மேலே சட்டை இல்லை, வேஷ்டி வெள்ளை. நீ ஜாக்கிரதையா இரு, தனியா எங்கயும் போகாதே...’”

ராஜம் சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ராஜத்துக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்த நாளிலிருந்து ஊரே சொன்னது அதுதானே: மாப்பிள்ளை நல்ல செவப்பு. அவர் சிவப்புத் துணி கட்டியிருந்தார் என்று எந்த முட்டாளும் அர்த்தம் பண்ணிக்கொண்டதில்லை.

“அப்படியா எழுதினேன்?” அம்மா கதவை விட்டு வெளியே வந்துவிட்டாள். மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பது நினைவில்லை. கடிதத்தை வாங்கி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். “என் எழுத்துதான்.”

“அப்போ துண்டு எங்கேர்ந்து வந்தது?”

“தெரியலையேடி. எல்லாரும் துண்டு துண்டுன்னாளே. இன்ஸ்பெக்டர் சொன்னான், அப்பா சொன்னார், பால்காரன்கூடக் கேட்டான், அந்த லால் கம்ச்சாவை, அதான் செவப்புத் துண்டை, பார்த்தேளா மாயின்னு. இப்போ கண்ணை மூடினா துண்டுதான் தெரியறது. இடுப்புல. முடிச்சுகூடத் தெரியறது.” கண்ணை மூடித் திறந்தாள். “வெள்ளை வேஷ்டி தெரியவே இல்லை.”

“அன்னிக்குப் போர்வைக்குப் பின்னாலேர்ந்து என்ன சொன்னே?”

“செவப்புன்னேன். மாப்பிள்ளை மாதிரின்னும் சொன்னேன். அப்போ மாப்பிள்ளை இருமினார். நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேனோன்னு நிறுத்திட்டேன்.”

எல்லாரும் அத்திம்பேரைப் பார்த்தோம். அவர் இலையை மூடிவிட்டார். மோர் சாதம் அப்படியே உள்ளே.

“என்ன பார்க்கறேள்? மாஜிஸ்டிரேட் முன்னாடி நிக்கறேன். கொலைகாரன் என்னை மாதிரி இருந்தான்னு நானே எழுந்து சொல்லணுமா? யாராவது சொல்லுவாளா? அந்த சர்க்கார் வக்கீல் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கறதுக்கா?”

“சரி. உடைன்னு கேட்டானே, அதை அம்மாகிட்ட கேட்டேளா?”

அவர் மூடின இலையை இன்னும் ஒரு தரம் அழுத்தினார்.

“கேட்டேளா, அத்திம்பேர்?”

“மாஜிஸ்டிரேட்டே முடிச்சுட்டார். ரெட் டிரெஸ்சான்னார். ஆமான்னு தலையாட்டினேன். வெயில். மூணு மணி நேரம் நின்னுண்டிருந்தேன். அதுல என்ன இப்போ? துண்டு கட்டினவன் அங்க இருந்தான், பிடிச்சா.”

“அவன் கரி மாதிரி இருப்பான்.”

“விஜயா!” அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். “நிறுத்து. அந்த ஒரியாக்காரன் வெட்டலைன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பின்னே?”

“எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. தெரியாதுன்னு யாராவது கோர்ட்டில சொல்லணும். இல்லேன்னா தெரியும்னு சொல்லித் தூக்கில போட்டுடுவா.”

“அப்படிச் சொன்னா மாப்பிள்ளை கதி? சத்தியம் பண்ணிப் பொய் சொன்னார்னு உள்ளே தள்ளுவான். வேலை போகும். ராஜம் குழந்தைகளை இழுத்துண்டு இங்க வந்து நிப்பா. உன்னை மாதிரி.”

உன்னை மாதிரி. அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது தானாக வரும் வார்த்தை. பத்து வயசில் எனக்குக் கல்யாணம், பன்னிரண்டில் அதுவும் முடிந்தது. கண்ணெதிரே வெள்ளைப் புடவையோடு சுற்றிக்கொண்டிருந்தால் அம்மா அழுகிறாள் என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் போட்டார். வீட்டில் முதல் பி.ஏ. அப்படித்தான் உண்டானது. அதற்காக நான் வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பேச்சில் வராத ஒப்பந்தம்.

நான் ராஜத்தைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. இரண்டு பெண்கள் அவளுக்கு. மூத்தவளுக்கு ஏழு வயசு. அந்த ஒரு நிமிஷம் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது நிஜம்.

அப்புறம் அந்தக் கரி நிற ஆள் நார்த்தங்காயைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

“அத்திம்பேர், தைதாரியோட வக்கீல் ஹரிபத சான்யால். பவானிப்பூர்ல உங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் வீடு. நீங்களே வாங்கோ. தமிழ்ல செவப்புன்னா வேற அர்த்தம், அவசரத்துல சரியாச் சொல்லலைன்னு எழுதிக் கொடுங்கோ. நீங்களா சொன்னா அது தவறு. நான் போய்ச் சொன்னா அது பொய்னு ஆயிடும். ரெண்டுல எது வேணும்?”

“என்னை மிரட்டறயா?”

“ஆமாம்.”

“மாமா, கேட்டேளா உங்க பொண்ணு பேச்சை?” அவர் எழுந்து முற்றத்துக்குக் கை அலம்பப் போனார். சொம்புத் தண்ணீர் முழுக்கத் தீர்ந்த பிறகும் அலம்பிக்கொண்டே நின்றார். நான் காத்திருந்தேன். திரும்பி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் சொன்னார்: “அந்தக் கடுதாசியை வாங்கிக் கிழிச்சுப் போடுங்கோ. பொம்மனாட்டி எழுத்தை எந்தக் கோர்ட்டும் பார்க்காது.”

“பார்க்காதுன்னா ஏன் கிழிக்கணும்?” என்றேன்.

அப்பா எழுந்தார். எச்சில் கையை அம்மாவை நோக்கி நீட்டினார். “நாகலக்ஷ்மி, இப்படிக் கொடு.”

அம்மா கடிதத்தைக் கொடுக்கவில்லை. எச்சில் கை படக்கூடாது என்பது போலப் பின்னால் நகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

“நீயும் வரயா, அம்மா?”

“நான் வந்து என்ன சொல்றது? வாயைத் திறந்தா துண்டுன்னுதான் வரும். பொய்யும் இல்லை, அப்படித்தான் தெரியறது எனக்கு.” கடிதத்தைத் தொட்டாள். “இதை எழுதினாளே, அவதான் பார்த்தவ. அவளைக் கூட்டிண்டு போ.”

“அம்மா!” என்றாள் ராஜம். அழ ஆரம்பித்தாள். “எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியா, அம்மா? விஜி, எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

என்னிடம் சொல்ல இருந்தது எல்லாம் அவளுக்கு உபயோகம் இல்லாதது. “புதன்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. அவரை அனுப்பு” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, முடியாது என்பதா, கேட்க நான் நிற்கவில்லை.

நகலையும் கடிதத்தையும் ஒன்றாக மடித்து இடுப்பில் செருகினேன். “அது என் காகிதம்” என்றார் அத்திம்பேர். “எடுத்துக்கோன்னு நீங்கதானே கொடுத்தேள்” என்றேன். அப்பா வாசலை மறிக்க வந்தார். எச்சில் கை என் மேல் படுமே என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நான் அவரைத் தாண்டிவிட்டேன்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ராஜம் உள்ளேயிருந்து குடை என்று ஏதோ கத்தினாள். குடைக்காகத் திரும்பினால் உட்கார வைத்துவிடுவார்கள். கோஷால் பாபுவின் குளத்தைச் சுற்றி, பின்வாசல் வழியாக, சான்யால் வீட்டுக்குப் போகக் காளிகாட் டிராமைப் பிடிக்க வேகமாக நடந்தேன்.