செம்மஞ்சள் வெஸ்ட்

இருட்டோடு மகள் லக்ஷிகாவை டேகேரில் விட்டுவிட்டு, மனுரேவாப் புறநகரில் கீரை பாக் பண்ணும் கொட்டகைக்கு ஓடுவாள் சுகந்தினி. கையுறைக்குள்ளும் குளிர்தண்ணீர் புகும். விரல்கள் முதலில் மரத்து, பிறகு எரியும். அன்று பொழுது புலர்வதற்குள் முதலாளி ஆனந்தராசா வந்து நின்றார்.

“ஓடர் குறைவு. பாதிப் பேர் வீட்டை போங்கோ. தேவையெண்டால் கூப்பிடுறன்.”

அதன்பிறகு கூப்பிட்ட நாள்களைவிடக் கூப்பிடாத நாள்களே அதிகம்.

வேலையோ படிப்போ உள்ள தாய்க்குத்தான் அரசு டேகேர்க் காசை முழுக் கிழமைக்கும் கட்டும். இல்லாவிட்டால் வாரத்தில் ஒரு பகலளவுதான். பிள்ளையை விட இடமில்லாமல் வேலை தேடுவது எப்படி என்று சட்டம் எழுதிய மகான்கள் யோசிக்கவில்லை.

சுகந்தினிக்குச் சட்டத்தைவிட வெட்கம்தான் பெரிதாய் இருந்தது. வேலையில்லை என்று சொல்ல நா எழவில்லை. சும்மா இருக்கும் நாளிலும் வேலைக்குப் போடும் செம்மஞ்சள் வெஸ்டை மாட்டிக்கொண்டு பிள்ளையை விடுவாள். “பாய் அம்மா, குட் வொர்க்!” என்று மகள் கையசைக்கும்போது உடம்பு கூசும். பிறகு சூப்பர்மார்க்கெட் கார்ப் பார்க்கில் கள்ளி மாதிரிக் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் பக்கத்துக் காரில் அதே வெஸ்ட். கூட வேலை செய்யும் மஹதி, மத்தியானச் சோற்றைக் காலையிலேயே திறந்து வைத்து அழுதுகொண்டிருந்தாள். சுகந்தினி கண்ணாடியைத் தட்டினாள்.

“அக்கா... நீங்களுமா?”

“ஓம்.”

“வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. சோம்பேறின்னு நினைப்பாங்களோன்னு அசிங்கமா இருந்துச்சு.”

“நாங்கள் ஒளிச்சிருக்கிறம். வேலையைக் குறைச்ச மனிசன் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியுது.”

கோபம் வந்தபின்னும் வெட்கம் போகவில்லை. அதோடேயே மற்றப் பெண்களுக்குப் போன் எடுத்தார்கள். புஷ்பவதி நூலகத்தில் ஒளிந்திருந்தாள், வெஸ்டோடு.

மறுநாள் எல்லோரும் கொட்டகை வாசலில் நின்றார்கள்.

“இரக்கப்பட்டு வேலை தந்தனான், தங்கச்சி” என்றார் ஆனந்தராசா.

“இரக்கம் வேண்டாம் அண்ணை. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் எண்டு உறுதி தாங்கோ. பிள்ளையளின்ர டேகேர் இடம் அதிலதான் நிக்குது” என்றாள் சுகந்தினி.

“தராட்டி?”

“நாளைக்குக் கூப்பிட்டுப் பாருங்க. ஒருத்தியும் வரமாட்டோம்” என்றாள் மஹதி.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மாலையில் டேகேர் டீச்சர் வழக்கம்போல, வேலை எப்படி என்று கேட்டாள். சுகந்தினிக்கு முகம் சுட்டது. வெஸ்டைக் கழற்றினாள். வேலை இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். இனி லக்ஷிகாவின் இடம் நிலைக்குமோ தெரியாது.

பின்னால் நின்ற சமோவாத் தாய் ஒருத்தி தன் வெஸ்டையும் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டாள்.